சூரிய மின் பம்புசெட்டும் முப்பது ஆண்டுக்குப் பிறகான நம் கிணறும்: விவாத இழை

கமலைக்கல்

நண்பர்களுக்கு வணக்கம். சென்ற மாதம் எங்கள் ஊரில் சூரிய மின் பம்புசெட் பற்றி ஒரு விளக்கக் கூட்டம் நடந்தது. அவினாசிக்கு வடக்கே வாழையும் சோளமும் கறவை மாடுமாகப் பிழைக்கும் மேட்டுப்பாங்கான ஊர் எங்களுடையது. நாற்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள், பலர் அன்றைக்கே பெயர் கொடுத்துவிட்டுப் போனார்கள். நானும் படிவம் வாங்கி வந்தேன். இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை. ஏன் தயங்குகிறேன் என்பதைச் சொல்லி, உங்கள் கருத்துகளையும் கேட்பதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

எங்கள் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் மூன்று தலைமுறை தெரியும். மேலே, கமலைத் தூண் நட்ட குழிகளுடன் ஒரு கருங்கல் கிடக்கிறது (எங்கள் பக்கம் கவலை என்பார்கள்). தாத்தா இரண்டு எருதுகளைப் பூட்டிச் சாலில் இறைத்த காலத்தில் இருபதடியில் தண்ணீர் நின்றிருக்கிறது. முப்பதடியில் பாறையைக் குடைந்து ஒரு மேடை இருக்கிறது. அப்பா முதல் மின்மோட்டாரை வைத்த இடம் அது. நீர் கீழே போனதும் மோட்டாரை இறக்குவதற்காக ஐம்பதடியில் இன்னொரு மேடை வெட்டினார். அடித்தளத்தில் நான்கு திசையிலும் பக்கவாட்டில் துளையிட்டு சைடு போர் போட்ட ஓட்டைகள் இருக்கின்றன. அதற்கும் பிறகு, கிணற்றை விட்டு வெளியே வந்து 850 அடிக்கு நான் போட்ட ஆழ்துளைக் கிணறு (போர்), இன்று நீர்மூழ்கி மோட்டாருடன் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒவ்வொரு முறையும் புதிதாக வந்த கருவி 'இன்னும் எவ்வளவு ஆழத்திலிருந்து எடுக்கலாம்' என்ற ஒரே கேள்விக்குத்தான் விடை சொன்னது. கீழே எவ்வளவு இருக்கிறது, ஆண்டுக்கு எவ்வளவு ஊறுகிறது, ஊரார் எல்லோருமாக எவ்வளவு எடுக்கிறோம் என்பதை எந்தத் தலைமுறையும் உட்கார்ந்து கணக்குப் பார்க்கவில்லை. விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்தபோது எங்கள் வீட்டில் பொங்கல் வைத்தார்கள். அந்த மகிழ்ச்சியை நான் குறை சொல்ல மாட்டேன், ஏனென்றால் மின்கட்டணக் கடனில் மூழ்கிய குடும்பங்களை அது உண்மையாகவே கரையேற்றியது. ஆனால் இன்று மாநிலத்தில் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள் இருக்கின்றன. நிலத்தடி நீரைக் கணக்கிடுவதற்குத் தமிழ்நாட்டைப் பிரித்துள்ள பகுதிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, ஊறுவதைவிட அதிகமாக எடுக்கப்படும் பகுதிகளாக வகைப்படுத்தப்பட்டிருக்கின்றன.

இப்போது வருவது சூரிய மின்சாரம். ஒருமுறை செலவழித்துவிட்டால் வெயிலுக்கு விலை கிடையாது, மின்வெட்டும் கிடையாது. புகையில்லை என்பதால் இதைப் 'பசுமை' என்கிறார்கள். கரியைக் குறைக்கிற ஒரு கருவி, என் ஊரின் தண்ணீரை இன்னும் வேகமாகக் காலி செய்தால் அதை எப்படிப் பசுமை என்று சொல்வது? முப்பது ஆண்டு கழித்து எங்கள் ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று ஊரார் முதலில் பேசி முடிவு செய்து, அந்த முடிவுக்கு இந்தக் கருவியைக் கட்டுப்படுத்த முடியுமா என்பதுதான் என் கேள்வி. வேறு ஊர்களில் யாராவது செய்திருக்கிறார்களா?

மேட்டுக்காடு

கமலைக்கல் ஐயாவுக்கு வணக்கம். தங்கள் எழுத்தை இரண்டு முறை படித்தேன். கிணற்றைப் பற்றிச் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனாலும் ஒரு மனத்தாங்கலோடுதான் இதை எழுதுகிறேன்.

எனக்குத் திண்டுக்கல் மாவட்டத்தில் இரண்டு ஏக்கர் மேட்டுநிலமும் ஒரு கிணறும் இருக்கின்றன, போர் இல்லை. இலவச மின் இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தேன். அதுவரை டீசல் எஞ்சினை வாடகைக்கு எடுத்து இறைத்தோம். வெங்காயம் விற்ற காசில் பாதி டீசலுக்கே போய்விடும். இணைப்பு வைத்திருந்த பக்கத்துத் தோட்டக்காரர்களின் நிலை எங்களைவிட நன்றாக இருந்தது என்றாலும், மும்முனை மின்சாரம் இரவில் வந்த காலத்தில் அவர்கள் பட்ட பாட்டையும் பார்த்திருக்கிறேன். நள்ளிரவில் டார்ச் விளக்கோடு மடை திருப்பப் போன என் சின்ன மாமனாரைக் கண்ணாடி விரியன் கடித்தது. பிழைத்துக்கொண்டார், ஆனால் கால் இன்றுவரை சரியாக ஊன்ற வரவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் மானியத்தில் ஐந்து குதிரைத்திறன் சூரிய பம்புசெட் போட்டேன். எங்கள் பங்குத் தொகைக்கு நகையை வைத்தோம். இன்று காலை ஒன்பது மணிக்குத் தண்ணீர் பாயத் தொடங்கினால் மூன்று மணிக்குள் வேலை முடிந்துவிடுகிறது. கணவர் திருப்பூரில் வேலை பார்க்கிறார். இரவில் அவர் இல்லையே என்ற பயம் இல்லாமல் நானே முழுத் தோட்டத்தையும் பார்த்துக்கொள்கிறேன். இது எனக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்பதை வயலில் தனியாக நிற்கும் பெண்கள்தான் அறிவார்கள்.

ஆகவே ஐயா, 850 அடிக்குப் போர் வைத்திருப்பவர் தொலைநோக்கைப் பற்றிப் பேசி முடிக்கும்வரை நாற்பதடிக் கிணறு வைத்திருப்பவர் காத்திருக்க வேண்டும் என்றால், அதில் நியாயம் இல்லை. கட்டுப்பாடு வேண்டும் என்பதை ஏற்கிறேன். அது ஏற்கெனவே அதிகம் எடுத்தவர்களிடமிருந்து தொடங்க வேண்டும்.

புதுவெயில்

நான் கோவையில் சூரிய மின் அமைப்புகள் நிறுவும் வேலையில் இருக்கிறேன், எனவே தொழில் சார்ந்த சாய்வு எனக்கு உண்டு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் கணக்கு வைக்கிறேன், விவாதத்துக்குப் பயன்படும்.

ஐந்து குதிரைத்திறன் பம்புக்குச் சுமார் 5 கிலோவாட் தகடுகள் தேவை. நம் பகுதி வெயிலில் அவை ஆண்டுக்கு 7000 யூனிட்டுக்கு மேல் தரவல்லவை. உழவர் மோட்டார் ஓட்டுவதோ எல்லா நாளும் அல்ல. மழைக்காலம், அறுவடைக்குப் பிந்தைய இடைவெளி, தரிசு நாட்கள் எல்லாம் போனால் அந்த மின்சாரத்தில் பெரும்பகுதி யாருக்கும் பயனின்றிப் போகிறது. மோட்டாரை நிறுத்தினால் ஒரு லாபமும் இல்லை, ஓட்டினால் ஒரு செலவும் இல்லை. இந்த நிலையில் இருக்கும் யாரும் ஓட்டத்தான் செய்வார்கள். கமலைக்கல் ஐயாவின் அச்சம் இந்த இடத்தில் முழுக்கச் சரி.

இன்னொரு கணக்கு. ஆயிரம் லிட்டர் தண்ணீரைப் பத்து மீட்டர் ஆழத்திலிருந்து மேலே கொண்டுவர, மோட்டாரிலும் குழாயிலும் பாதி வீணாகும் என்று வைத்தாலும், ஒரு யூனிட்டில் இருபதில் ஒரு பங்கு அளவு மின்சாரமே போதும். அதே தண்ணீரை 100 மீட்டரிலிருந்து எடுக்க அரை யூனிட்டுக்கு மேல் வேண்டும். 250 மீட்டரிலிருந்து என்றால் ஒன்றேகால் யூனிட்டைத் தாண்டிவிடும். நீர்மட்டம் மேலே இருக்கும் ஊருக்குச் சின்னத் தகடுகளே போதும். நீர்மட்டத்தைத் தொலைத்த ஊர் எத்தனை தகடு போட்டாலும் பற்றாக்குறையில்தான் இருக்கும். மின்சாரத்தைப் பற்றி மட்டும் பேசுகிற எங்கள் துறையினர் இதை வாடிக்கையாளரிடம் சொல்வதே இல்லை; நானும் பல ஆண்டுகள் சொல்லவில்லை. அதற்காக வருந்துகிறேன்.

ஒரு வழி இருக்கிறது. பம்பு ஓடாத நேரத்தில் அதே தகடுகளைக் கொண்டு தீவனம் வெட்டும் எந்திரம், மாவு அரவை, சிறிய குளிர்பதன அறை ஆகியவற்றை இயக்கக்கூடிய கட்டுப்பாட்டுக் கருவிகள் வந்துவிட்டன. மின் கம்பியோடு இணைத்து உபரியை விற்பது இன்னொரு வழி.

ஊற்றுக்கண்

புதுவெயில் தொட்ட கடைசி வரியிலிருந்து தொடர்கிறேன். நிலத்தடி நீர் தொடர்பான களப்பணியில் சில ஆண்டுகள் ஆந்திரத்தில் இருந்தேன். குஜராத்துக்கும் போய்ப் பார்த்திருக்கிறேன்.

குஜராத்தின் கேடா மாவட்டத்தில் துண்டி என்றொரு ஊர் இருக்கிறது. 2015-16இல் அங்கே ஆறு உழவர்கள் சூரிய பம்பு வைத்திருப்போரின் கூட்டுறவு ஒன்றைத் தொடங்கினார்கள். பன்னாட்டு நீர் மேலாண்மை நிறுவனம் துணை நின்றது. அவர்களுடைய தகடுகள் மின் கம்பியோடு இணைக்கப்பட்டன. பாசனத்துக்குப் போக மிச்சமான மின்சாரத்தை யூனிட் 4 ரூபாய் 63 காசுக்கு 25 ஆண்டுகள் வாங்கிக்கொள்வதாக மின் நிறுவனம் ஒப்பந்தம் செய்தது. அதற்கு மேல் ஓர் ஊக்கத்தொகையை நீர் மேலாண்மை நிறுவனம் தந்தது. பதிலுக்கு அந்த உழவர்கள் மானிய விலை மின் இணைப்பு கோரும் உரிமையை விட்டுக்கொடுத்தார்கள். இதன் உட்பொருள் எளியது. மோட்டாரை ஒரு மணி நேரம் நிறுத்தினால் கையில் காசு வரும் என்றால், தண்ணீரை எடுப்பதற்கு முதன்முறையாக ஒரு விலை ஏற்படுகிறது. அந்த விலையை அரசு வசூலிக்கவில்லை. உழவரே தனக்குத் தானே கணக்குப் பார்த்துக்கொள்கிறார். 2018இல் குஜராத் அரசு இதே கருத்தை ஒட்டி மாநில அளவில் ஒரு திட்டம் தொடங்கியது. 2019இல் வந்த, உழவர்களுக்கான நடுவண் அரசின் சூரிய மின் திட்டமான பி.எம். குசும் திட்டத்திலும், ஏற்கெனவே மின் இணைப்புள்ள பம்புகளைச் சூரிய மின்சாரத்துக்கு மாற்றி உபரியை விற்கும் ஒரு பிரிவு இருக்கிறது.

கமலைக்கல் ஐயா கவனத்துக்கு ஒன்று. நிலத்தடி நீர் மிகையாக எடுக்கப்படும் பகுதிகளில், தனித்து இயங்கும் சூரிய பம்பு வேண்டுமானால், ஏற்கெனவே உள்ள டீசல் பம்புக்கு மாற்றாக, சொட்டுநீர் போன்ற நுண்ணீர்ப் பாசனத்தோடுதான் வைக்க வேண்டும் என்று அந்தத் திட்டத்தின் வழிகாட்டு நெறிகளே சொல்கின்றன. கூட்டத்தில் அதைச் சொன்னார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

ஆனால் விலை மட்டும் ஊரைக் காப்பாற்றாது என்பதையும் சொல்ல வேண்டும். அதற்கு ஆந்திரம்தான் எனக்குப் பாடம். 2003 முதல் சில ஆண்டுகள், அனந்தபூர் உள்ளிட்ட ஏழு வறட்சி மாவட்டங்களில், அறுநூறுக்கும் மேற்பட்ட ஊர்களில் உழவர்களே நிலத்தடி நீரை அளக்கும் முயற்சி ஒன்று நடந்தது. மழைமானியில் நாள்தோறும் மழை அளவு, கண்காணிப்புக் கிணற்றில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை நீர்மட்டம் என எல்லாவற்றையும் ஊர்க்காரர்களே எடுத்து, எல்லோரும் பார்க்கிற மாதிரி ஊர்ச் சுவரில் எழுதி வைத்தார்கள். பின்பருவச் சாகுபடிக்கு முன் ஊர் கூடி, இந்த ஆண்டு கீழே எவ்வளவு இருக்கிறது, அவரவர் நினைத்திருக்கும் பயிருக்கு எவ்வளவு வேண்டும் என்று வரவு செலவு பார்ப்பார்கள். தடை எதுவும் இல்லை, அபராதம் இல்லை, மானியமும் இல்லை. பற்றாக்குறையைச் சுவரில் பார்த்தபின் பல ஊர்களில் உழவர்கள் நெல்லைக் குறைத்துக்கொண்டு வேறு பயிருக்கு மாறினார்கள். பள்ளிக்கூடம் போகாத ஒரு பெரியவர் நீர்மட்ட நாடாவைக் கிணற்றில் இறக்கி, ஒலி கேட்டதும் நிறுத்தி, எண்ணை உரக்கச் சொல்லிப் பேரனை எழுதச் செய்த காட்சி இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

மகாராஷ்டிரத்தின் ஹிவரே பஜார் இன்னும் கடுமையான வழியில் போனது. பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு கூடாது, கரும்பும் வாழையும் கூடாது என்று ஊரே கட்டுப்பாடு விதித்துக்கொண்டு, ஆண்டுதோறும் நீர்க் கணக்குப் பார்த்துப் பயிரை முடிவு செய்கிறது.

உங்கள் ஊருக்கு ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆண்டு மழையை 600 மில்லிமீட்டர் என்று வைத்தால், ஓர் ஏக்கரில் விழுவது சுமார் 24 இலட்சம் லிட்டர். கடினப் பாறைப் பகுதியில் அதில் பத்தில் ஒரு பங்கு கீழே இறங்கினாலே நல்லது, ஆக 2.4 இலட்சம் லிட்டர். வாழைக்கு ஆண்டுக்கு 1800 மில்லிமீட்டர் அளவு நீர் வேண்டும். விழுந்த மழை முழுவதையும் வாழையே குடித்துவிட்டது என்று தாராளமாகக் கணக்கிட்டாலும், மீதி 48 இலட்சம் லிட்டரைப் பூமியிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதாவது ஓர் ஏக்கர் வாழைக்கு இருபது ஏக்கரில் ஊறிய நீர் போகிறது.

கமலைக்கல்

மேட்டுக்காடு அம்மாவுக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னது என் மனத்தில் தைத்தது. நான் இந்த இழையைத் தொடங்கும்போது ஊர் என்று எழுதியது உண்மையில் போர் வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்களை மட்டும் நினைத்துத்தான். எங்கள் ஊரிலும் கிணறு வற்றிப்போய், நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் பனியன் கம்பெனிக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கிணறு வற்றியதற்கு என் போரும் ஒரு காரணம். இதுவரை அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஊற்றுக்கண் நண்பரே, எனக்கு நான்கு ஏக்கர் வாழை இருக்கிறது. எண்பது ஏக்கர் ஊற்று என் தோட்டத்துக்குள் வருகிறது என்கிறீர்கள். இரவு படுத்த பிறகும் அந்த எண் போகவில்லை. டீசல் பம்பு பற்றிய நிபந்தனையைக் கூட்டத்தில் யாரும் சொல்லவில்லை, விசாரிக்கிறேன்.

ஆடிக்காற்று

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைப் பராமரிப்பில் முப்பது ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் ஒரு பக்கத்தைச் சேர்க்கிறேன். தொழில்நுட்பம் முதலில் வந்து தொலைநோக்கு பிறகு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் பகுதியே சான்று.

1986இல் நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணைகளில் ஒன்று தூத்துக்குடியில் அமைந்தது. ஒவ்வோர் எந்திரமும் வெறும் 55 கிலோவாட். தொண்ணூறுகளில் எங்கள் கணவாயில் உள்ள முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் மளமளவென்று எழுந்தன. அந்த வேகத்துக்குக் காற்றைவிட வருமான வரிச் சலுகை பெரிய காரணம். போட்ட முதலின் தேய்மானத்தை முதல் ஆண்டிலேயே கழித்துக்கொள்ள முடிந்ததால், ஆலை முதலாளிகள் பலர் வரியை மிச்சம் பிடிக்கவே எந்திரம் வாங்கினார்கள். அதனால் நாட்டுக்கு நன்மை விளைந்ததையும் மறுக்க மாட்டேன். ஆனால் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று கணவாயில் நெருங்கிப் பாயும் அந்த அருமையான இடங்களெல்லாம், 225, 250 கிலோவாட் சிற்றெந்திரங்களால் நிறைந்துவிட்டன. இன்றைய எந்திரம் ஒன்று அவற்றில் பத்துப் பன்னிரண்டுக்குச் சமம். பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பதற்கான கொள்கை 2024இல்தான் மாநிலத்தில் வந்தது. நடுவில் கடந்த காலத்தில், எந்திரத்தின் நிழல் விழுந்த ஊர்களுக்கு என்ன கிடைத்தது? நிலத்தை விற்றபோது ஒருமுறை காசு, பிறகு சிலருக்குக் காவல் வேலை.

இதே காலத்தில் நேர்மாறாக ஒன்றும் நடந்தது. மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சி, 2006இல் வங்கிக் கடன் பெற்று, 1 கோடியே 55 இலட்சம் ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைத் தன் சொந்தப் பெயரில் வாங்கியது. அதற்குக் காரணம் குடிநீர்த் திட்டம். பவானி நீரை ஏற்றுவதற்கான மின்கட்டணம் ஊராட்சியின் வருமானத்தைத் தின்றுகொண்டிருந்தது. ஊருக்கு வேண்டியதைவிட அதிகமாக மின்சாரம் கிடைத்ததால் மிச்சத்தை மின் வாரியத்துக்கு விற்றுக் கடனை அடைத்தார்கள். அங்கே ஊராருக்கு முன்கூட்டியே ஒரு தேவை தெளிவாக இருந்தது. அதற்கு ஏற்ற எந்திரத்தைத் தேடிப் போனார்கள்.

டென்மார்க்கில் சாம்சோ என்ற தீவும் அப்படித்தான். ஏறத்தாழ 4000 பேர் வாழும் அந்தத் தீவு, 1997இல் அரசு நடத்திய ஒரு போட்டியில் வென்று, பத்து ஆண்டுகளில் புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கு முழுவதும் மாறுவதை இலக்காக வைத்தது. தரையில் 11, கடலில் 10 காற்றாலைகள். தரையில் உள்ளவற்றில் பெரும்பாலானவை அங்குள்ள உழவர்களுக்குச் சொந்தம்; சிலவற்றில் சாதாரணக் குடும்பங்கள் பங்கு வாங்கியிருக்கின்றன. வீடுகளைச் சூடாக்க வைக்கோலை எரிக்கிறார்கள், அந்த வைக்கோலும் தீவின் வயலில் விளைந்ததே. அங்கே புதிதாக யாரும் எதையும் கண்டுபிடிக்கவில்லை. இருந்த எந்திரங்களைத் தங்கள் உடைமையாக்கிக்கொண்டார்கள்.

கண்மாய்க்கரை

ஆடிக்காற்று ஐயா உடைமையைப் பற்றிச் சொன்னதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. எனக்குக் கமுதிப் பக்கம். 2016இல் எங்கள் பகுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. ஏறத்தாழ 2500 ஏக்கர், ஒரே இடத்தில் அமைந்தவற்றுள் அன்றைக்கு உலகிலேயே பெரியது என்று பேசப்பட்டது. சாலையிலிருந்து பார்த்தால் கண்ணுக்கு எட்டியவரை நீலத் தகடுகள். எங்கள் மானாவாரி நிலத்தைத் 'தரிசு' என்றுதான் எல்லா ஆவணங்களும் எழுதும். அந்தத் தரிசில் ஆடு மேய்ந்தது, ஐப்பசி மழைக்கு மிளகாயும் கம்பும் விளைந்தன, கரிமூட்டம் போட்டுப் பிழைத்த குடும்பங்களும் இருந்தன. நிலம் இல்லாதவர் நிலத்தை விற்கவும் முடியாது, ஆனால் அவர் ஆட்டுக்கு மேய்ச்சல் போய்விட்டது.

கரிமூட்டம் என்றதும் சீமைக் கருவேலம் நினைவுக்கு வருகிறது. விறகுப் பஞ்சத்தைத் தீர்க்கவென்று கொண்டுவந்து பரப்பப்பட்ட மரம் அது. அன்றைக்கு அதுவும் ஒரு புதிய தீர்வுதான். விறகு கிடைத்தது; கூடவே எங்கள் கண்மாய்களும் வரத்துக்கால்களும் முள்ளடைந்து போயின. இப்போது அதை வேரோடு பிடுங்க நீதிமன்றம்வரை போக வேண்டியதாயிற்று. மாநிலத்தில் 39,000க்கும் மேற்பட்ட ஏரிகளும் கண்மாய்களும் இருக்கின்றன. மடை திறக்க ஒருவர், நீர் பாய்ச்ச ஒருவர், கரை பார்க்க ஒருவர் என்று ஊர் முறை இருந்தவரை அவை நின்றன. ஒரு கருவியோடு அதைப் பார்த்துக்கொள்ளும் முறையும் சேர்ந்து வந்தால்தான் அது நிலைக்கும். எங்கள் கண்மாய் எனக்குக் கற்றுத்தந்தது இதுதான்.

சூரிய மின் நிலையத்தை நான் எதிர்க்கவில்லை. தகடுகளுக்குக் கீழே ஆடு மேயலாம், கொஞ்சம் உயர்த்தி வைத்தால் கீரையும் கொத்தமல்லியும் போடலாம் என்கிறார்கள். அப்படிச் செய்வதாக இருந்தால் ஊர்க்காரர்களோடு முதல் நாளிலேயே உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.

மேட்டுக்காடு

ஊற்றுக்கண் அவர்களுக்கு ஒரு கேள்வி. மின்சாரத்தை விற்கும் விலை குறைவாக இருந்தால் என்ன ஆகும்? எங்கள் பக்கம் கோடையில் பக்கத்துத் தோட்டத்துக்கு ஒரு மணி நேரம் தண்ணீர் விட்டாலே நல்ல காசு கிடைக்கிறது. யூனிட்டுக்கு இரண்டு மூன்று ரூபாய்தான் என்றால் நானும் தண்ணீரைத்தான் விற்பேன், பொய் சொல்ல மாட்டேன். அத்துடன், விற்ற காசு மாதாமாதம் கணக்கில் வந்து சேர வேண்டும். ஆறு மாதம் இழுத்தடித்தால் யாரும் மோட்டாரை நிறுத்த மாட்டார்கள்.

ஊற்றுக்கண்

மிகச் சரியாகப் பிடித்தீர்கள் அம்மா. துண்டியில் ஊக்கத்தொகையைச் சேர்த்ததே அதனால்தான். அடிப்படை விலை மட்டும் இருந்திருந்தால் அயல் வயலுக்கு நீர் விற்பதே லாபமாக இருந்திருக்கும். வாங்கும் விலையும் உரிய நேரத்தில் பணமும் உறுதியாகாத இடத்தில் இந்த ஏற்பாடு நிற்காது. அதோடு உங்கள் நாற்பதடிக் கிணறு வேறு, 850 அடிப் போர் வேறு. திறந்த கிணறு ஒவ்வொரு மழைக்கும் நிறைந்து, தானாகவே ஓர் எல்லையைக் காட்டிவிடுகிறது. ஆழ்பாறையில் தேங்கியிருக்கும் நீர் மீண்டும் சேர நெடுங்காலம் ஆகும். இரண்டுக்கும் ஒரே விதி வைப்பது தவறு. திறந்த கிணற்றுக்குத் தாராளமாக மானியம் தரலாம், ஆழ்துளைக்கு மின் கம்பி இணைப்போடும் அளவுமானியோடும் மட்டுமே தர வேண்டும் என்பது என் கருத்து.

ஆடிக்காற்று

இரண்டு செய்திகள், சுருக்கமாக.

பகலில் சூரியன், ஆடியில் காற்று என்று கிடைப்பதைத் தேக்கி வைக்க மின்கலம் ஒன்றே வழி என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். ஆழியாறுக்கு மேலே காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று மின் நிலையம் எண்பதுகளின் இறுதியிலிருந்து இருக்கிறது; மின்சாரம் மிஞ்சும்போது நீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இன்னொன்று கட்டுகிறார்கள். பம்புசெட்டுகளைப் பகலுக்கு மாற்றிவிட்டால் இந்தத் தேக்கமே குறைவாகத்தான் தேவைப்படும். எனவே மேட்டுக்காடு அம்மா பகலில் நீர் பாய்ச்சுவது அவருக்கு மட்டுமன்றி மின் தொகுப்புக்கும் நல்லது.

இரண்டாவது, தகடுகளின் ஆயுள் சுமார் 25 ஆண்டு. 2022ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகள் சூரியத் தகடுகளையும் உள்ளடக்குகின்றன; உற்பத்தியாளர்கள் கழிவுத் தகடுகளை 2034-35 வரை முறையாகச் சேமித்து வைக்க வேண்டும் என்கின்றன. ஆனால் தோட்டத்து மூலையில் உடைந்து கிடக்கும் ஒரு தகட்டை யார் வந்து எடுத்துப் போவார்கள் என்பதை, பம்பு வாங்கும் நாளிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பழைய காற்றாலை இறக்கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் நாங்கள் வேலியோரம் போட்டு வைத்திருந்ததைப் பார்த்தவன் சொல்கிறேன்.

கமலைக்கல்

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், பொறுத்தருள்க. நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சிலரிடம் இந்த இழையை வாசித்துக் காட்டினேன். அவர்கள் உடனே பேசியது அத்திக்கடவு - அவினாசித் திட்டத்தைப் பற்றி. பவானியில் மிகையாக வரும் வெள்ள நீரை எங்கள் குளங்களுக்குக் கொண்டுவர வேண்டும் என்று அறுபது ஆண்டுக்கு மேல் கேட்டோம். மனு, உண்ணாநிலை, கடையடைப்பு என்று தாத்தா கேட்டதைப் பேரன்வரை கேட்டார்கள். 2024 ஆகஸ்டில் அது வந்தது. ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக, ஆண்டுக்கு ஒன்றரை டி.எம்.சி. நீர், 1045 குளம் குட்டைகளுக்கு. குழாய் வந்து சேரும் எங்கள் குட்டையின் கரையில் நின்று ஊரே பார்த்தது. ஒரு கிழவி அந்தத் தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். தொலைநோக்கு என்ற சொல் தெரியாமலே எங்கள் மக்கள் அறுபது ஆண்டு அதைக் கையில் வைத்திருந்தார்கள்.

குட்டையில் நீர் நின்ற பிறகு, பல ஆண்டுகளாகத் தரை தெரிந்த எங்கள் பழைய கிணற்றில் ஊற்று கண் திறந்திருக்கிறது. இந்த நீரையும் அவரவர் போர் வழியே உறிஞ்சி வாழைக்கு விட்டுவிட்டால், அறுபது ஆண்டுக் காத்திருப்பை ஐந்தாண்டில் தீர்த்துவிடுவோம். இதைச் சொன்னதும் யாரும் மறுத்துப் பேசவில்லை.

மார்ச் 22 கிராம சபையில் மூன்றை முன்வைக்கப் போகிறோம். பள்ளி வளாகத்தில் ஒரு மழைமானி. ஊரின் வெவ்வேறு பக்கத்தில் ஏழு கிணறுகளைத் தெரிந்தெடுத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அளந்து ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதுவது. குட்டையைச் சுற்றி அரை மைலுக்குள் புதிய போர் போடுவதில்லை என்று ஊர் ஒப்புக்கொள்வது. மூன்றாவதில் சண்டை வரும். வரட்டும், முதல் இரண்டும் நடந்தால் மூன்றாவதைச் சுவரே பேசும். சூரிய பம்பைப் பொறுத்தவரை, கிணறு மட்டும் வைத்திருக்கும் ஒன்பது குடும்பங்களுக்கு முதலில் தர வேண்டும் என்று தீர்மானம் கேட்கிறோம். போர் உள்ள நாங்கள் மின் கம்பியோடு இணைத்து விற்கும் வழி உறுதியாகும்வரை காத்திருப்போம். என் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வாழையில் இரண்டு ஏக்கரை இந்த வெட்டோடு நிறுத்திச் சோளமும் கொள்ளும் போடுகிறேன். வீட்டில் இன்னும் முழுச் சம்மதம் கிடைக்கவில்லை.

சென்ற ஞாயிறன்று பழைய கிணற்றின் சுவரில் வெள்ளை எனாமல் பெயிண்டால் அடி அடியாகக் கோடு போட்டோம். அப்பாவின் இரண்டாவது மேடைக்கு நேராக 50 என்று எழுதும்போது பேரனுக்குக் கை எட்டவில்லை, கயிற்றில் உட்கார வைத்து இறக்கினோம். நீர் 53 அடியில் நிற்கிறது. மேட்டுக்காடு அம்மா, உங்கள் கிணற்றையும் அளந்து இங்கே எழுதுவீர்களா?

மேட்டுக்காடு

இன்று காலை மோட்டார் போடுவதற்கு முன் அளந்தேன் ஐயா, 31 அடி. மாலை நிறுத்தியபின் 34. பதினைந்து நாள் கழித்து மறுபடி எழுதுகிறேன்.